கண்ணால்தான் நிற்கிறோம், தெரியுமா?

ஒற்றைக் காலில் நில்லுங்கள், பார்ப்போம். சுலபம்தானே? அப்படியே கண்ணை மூடுங்கள்! சில நொடிகளில் உடம்பு ஆட்டம் காண்கிறதா? (பக்கத்தில் சுவர் இருக்கட்டும்!) நாம் விழாமல் நிற்பதற்கு உள்காது, தசை மூட்டுகளின் உணர்வு, கண் மூன்றும் கூட்டாக உழைக்கின்றன. அதில் ஒன்றுக்கு லீவு கொடுத்தாலே இந்தப் பாடு! கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொல்லி நரம்பு மருத்துவர்கள் செய்யும் 'ராம்பர்க் சோதனை'யின் சூட்சுமமும் இதுவே.

சுவர் நகர்ந்தால் குழந்தை விழும், தெரியுமா?

1974இல் லீ, ஆரன்சன் என்ற ஆய்வாளர்கள் ஒரு விசித்திர அறை செய்தார்கள். சுவர்கள் நகரும், தரை மட்டும் அசையாது. அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தைகளை உள்ளே நிறுத்தி, எதிர்ச் சுவரை அவர்களை நோக்கி நகர்த்தினார்கள். 'ஐயோ, முன்னால் சாய்கிறோம்' என்று கண் எச்சரிக்க, உடல் சமாளிப்பதாக நினைத்துப் பின்னால் சாய்ந்தது. பல குழந்தைகள் தொப்பென்று விழுந்தே விட்டன! அதே மாதிரி அறையில் பெரியவர்களும் தள்ளாடுகிறார்கள். ஆனால் நமக்குப் பாதத்தின் சாட்சியமும் கைகொடுப்பதால் அத்தனை எளிதில் விழுவதில்லை.

பச்சிளம் குழந்தை கையைக் காவல் காக்கும், தெரியுமா?

தொட்டிலில் கிடக்கும் சிசு சும்மா கையை ஆட்டுகிறது என்றா நினைக்கிறீர்கள்? பிறந்து சில வாரங்கள்கூட ஆகாத குழந்தைகளின் மணிக்கட்டில் சின்ன எடைகளைக் கட்டிக் கீழே இழுத்துப் பார்த்த ஆய்வு 1995இல் வெளியானது. முகம் திரும்பியிருந்த பக்கத்துக் கையை, அதாவது கண்ணில் படும் கையை, குழந்தை விடாமல் தூக்கி நிறுத்தியது. பார்வையில் படாத கை எடையோடு போய்விட்டது! மறுபக்கத்துக் கையை வீடியோ திரையில் காட்டினார்கள். உடனே அந்தக் கைக்கும் வந்துவிட்டது தெம்பு!

ஏழு வயதைவிட ஐந்து வயது கெட்டி, தெரியுமா?

கையை மறைத்துவிட்டு, எதிரே தெரியும் இலக்கைச் சுட்டச் சொன்னால் ஐந்து வயதுக் குழந்தை ஒரே வீச்சில் ஓரளவு சரியாகவே காட்டிவிடும். ஏழு வயதுக் குழந்தைதான் தடுமாறும்! காரணம், அந்த வயதில் பிள்ளைகள் கையைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருத்தப் பழகுகிறார்கள். கை மறைந்தால் திணறல். ஒன்பது வயதுக்கு மேல் வீச்சும் திருத்தமும் கைகோக்க, குறி மீண்டும் நேராகிறது.

பார்த்தால் மட்டும் போதாது, தெரியுமா?

1963இல் ஹெல்ட், ஹைன் இருவரும் இருட்டில் வளர்ந்த பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாக ஒரு ராட்டினத்தில் பூட்டினார்கள். ஒன்று தன் காலால் நடந்தது. மற்றது தொட்டியில் உட்கார்ந்து ஓசிச் சவாரி செய்தது. இரண்டுக்கும் கிடைத்த காட்சி ஒன்றுதான். ஆனால் நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது. சவாரிக் குட்டிக்குப் பள்ளமும் மேடும் ஒன்றாகவே தெரிந்தன! கண்ணுக்குப் பாடம் நடத்துவது கால்கள்!

விளக்கு அணைந்தால் விழும் மனிதர், தெரியுமா?

இங்கிலாந்தின் இயன் வாட்டர்மனுக்கு 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும், கை கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் மறைந்தன. தசைகளில் பலம் குறையவில்லை, ஆனாலும் நடக்க முடியவில்லை! ஒவ்வோர் உறுப்பையும் உற்றுப் பார்த்து, யோசித்து யோசித்து அசைத்து, மறுபடி நடக்கக் கற்றார். மின்சாரம் போனால் மட்டும் சரிந்துவிடுவார்.

பேட்ஸ்மேன் பந்தைப் பார்ப்பதே இல்லை, தெரியுமா?

முழுக்கப் பார்ப்பதில்லை என்பதல்ல, பாதி வழியில் மட்டும் பார்ப்பதில்லை! லேண்ட், மெக்லியோட் இருவரும் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 2000இல் வெளியிட்டார்கள். பந்து கிளம்புவதைப் பார்த்ததும், அது குத்தப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவி, அங்கே பந்துக்காகக் காத்திருக்கிறது! கைதேர்ந்தவருக்கு இந்தத் தாவல் இன்னும் சீக்கிரம் நிகழ்கிறது. ஆடி ஆடிப் பழகியதில் வந்த தாவல் இது. 'பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காதே' என்பார் கோச். நல்ல பேட்ஸ்மேனோ, எடுக்க வேண்டிய கணத்தில் எடுத்துவிடுகிறார்!