மரத்தில் எழுந்த மாளிகை

ஜெர்மனியின் பைராய்ட் என்றதும் இசை ரசிகர்களுக்கு இசையமைப்பாளர் வாக்னர் நினைவுக்கு வருவார். அவரையே அந்தச் சிற்றூருக்கு இழுத்துவந்தது, அவர் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே அங்கே எழுந்துவிட்ட ஓர் ஆபரா அரங்கு.

அதைக் கட்டுவித்தவர் வில்ஹெல்மினே. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் அக்கா. சின்னஞ்சிறு சமஸ்தானத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தாமே ஆபராவுக்கு இசையமைத்தவர். 1748-ல் மகளின் திருமண விழாவையொட்டி அரங்கு திறக்கப்பட்டது.

தெருவோரம் நான்கு கொரிந்தியத் தூண்கள் தாங்கும் கல் முகப்பு. உள்ளே போனால் வேறு உலகம். கற்சுவர்களுக்குள் முழுக்க மரத்தாலேயே இன்னொரு கட்டடம் செருகப்பட்டிருக்கிறது. இத்தாலிய அரங்கக் கலைஞர் ஜுஸெப்பே கல்லி பிபியேனாவும் அவர் மகன் கார்லோவும் அதை வடிவமைத்தார்கள். அடுக்கடுக்காக ஏறும் மாடங்கள், மகுடம் சூடிய அரச மாடம், மேடையின் இருபுறமும் எக்காளம் ஊதுவோருக்குத் தனி மாடங்கள், விதானத்தில் அப்பொல்லோவும் கலைத்தேவியரும். பளிங்கென்று கண் நம்புவது வர்ணம் தீட்டிய மரம். விதானமோ ஓவியம் வரைந்த துணி. இசை அங்கே இதமாக ஒலிப்பதற்கும் இந்த மரமும் துணியுமே காரணம்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாடகம் நடந்த காலம் அது. ஐரோப்பாவின் அரண்மனை அரங்குகள் பல தீக்கு இரையாயின. இது தப்பியதற்குக் காரணம் ஒரு துயரம் என்றே சொல்வேன். 1758-ல் வில்ஹெல்மினே இறந்தார். ஆபரா மோகமும் அவரோடு போயிற்று. அரங்கு அதிகம் புழங்காமல் கிடந்தது. புதுப்பாணிக்கு மாற்றிக் கட்டவும் யாரும் முனையவில்லை. பழைய திரைச்சீலையை மட்டும் 1812-ல் ரஷ்யாவுக்குப் படையெடுத்துப் போன நெப்போலியனின் வீரர்கள் எடுத்துச் சென்றதாகச் சொல்கிறார்கள்.

மேடையின் ஆழத்தைக் கேள்விப்பட்டு 1871-ல் வாக்னர் வந்து பார்த்தார். தம் படைப்புக்கு இது ஒத்துவராது என்று தெரிந்தாலும் ஊர் பிடித்துப்போய், குன்றின் மேல் தமக்கென ஓர் அரங்கு கட்டினார். 1872-ல் அதற்கு அடிக்கல் நாட்டிய அன்று, இந்தப் பழைய அரங்கில்தான் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தினார்.

2012-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஆண்டுக்கணக்கில் நீண்ட சீரமைப்பில், அழுக்கேறி மங்கியிருந்த ஓவியங்களைச் சுத்தம் செய்து பழைய நிறங்களை மீட்டார்கள். பிற்காலத்தில் அகலப்படுத்திய மேடை வாயிலை முந்தைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 2018 ஏப்ரலில் மீண்டும் திறந்தபோது, அன்றைய திருமண விழாவில் அரங்கேறிய ஹாஸ்ஸேயின் ‘அர்தசெர்ஸே’ ஆபராவையே மேடையேற்றினார்கள். 2020 முதல் பரோக் ஆபரா விழாவும் இங்கே நடக்கிறது.