விழுங்கும் காமிரா

மூன்று வயதுக் குழந்தை ஒன்று நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போகிறது. ஓடியாட வேண்டிய வயதில் சோர்ந்து படுத்துக்கொள்கிறது. சோதித்துப் பார்த்தால் இரத்தசோகை. மலத்திலோ, கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கலந்திருக்கிறது. ஆகவே குடலில் எங்கோ இரத்தம் கசிகிறது. எங்கே?

இந்தக் கேள்விதான் மருத்துவர்களை நெடுங்காலம் திணறடித்தது. வாய் வழியே செலுத்தும் எண்டாஸ்கோப் குழாய் இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் காட்டும். ஆசனவாய் வழியே செலுத்தும் குழாய் பெருங்குடலைக் காட்டும். இரண்டுக்கும் இடையே சுருண்டு மடிந்து கிடக்கும் சிறுகுடலின் பெரும்பகுதி எட்டாத இடமாகவே இருந்தது. (வளர்ந்தவர்களுக்குச் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம்!) வேறு வழியின்றி வயிற்றைத் திறந்து பார்த்ததும் உண்டு.

இதற்கு வழி கண்டவர் மருத்துவர் அல்லர். இஸ்ரேல் நாட்டில் ஏவுகணைகளுக்குக் 'கண்' அமைத்துவந்த காவ்ரியேல் இட்டான் என்ற பொறியாளர். 1981-இல் அவர் பாஸ்டன் நகரில் தங்கியிருந்தபோது, குடல்நோய் மருத்துவரான எய்த்தான் ஸ்காப்பா இந்தக் குறையை அவரிடம் எடுத்துச் சொன்னார். காமிராவையே விழுங்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் பின்னர் இட்டானுக்குத் தோன்றியது. ஆனால் அக்காலப் படம்பிடிக்கும் சில்லுகள் மின்சாரத்தை ஏராளமாகக் குடித்தன. சிறிய மின்கலம் சில நிமிடங்களிலேயே தீர்ந்துபோயிருக்கும். 1990-களில் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சில்லுகள் வந்தபின்புதான் எண்ணம் கைகூடியது. இலண்டனில் இதே முயற்சியில் இருந்த மருத்துவர் பால் ஸ்வைனும் இவருடன் சேர்ந்துகொண்டார். 2001-இல் அமெரிக்க அரசு பெரியவர்களுக்கு இதை அனுமதித்தது.

மாத்திரையின் நீளம் 26 மில்லிமீட்டர், குறுக்களவு 11 மில்லிமீட்டர். எடை 4 கிராமுக்கும் குறைவு. இதற்குள் விளக்குகள், வில்லை, சில்லு, இரண்டு மின்கலங்கள், வானொலி அலைபரப்பி அத்தனையும் அடக்கம். மோட்டார் மட்டும் இல்லை. உணவைத் தள்ளும் குடல் அசைவே இதையும் தள்ளிச் செல்கிறது. முதலில் வந்த மாத்திரைகள் நொடிக்கு 2 படம் வீதம் 8 மணி நேரம் எடுத்தன. கணக்கிட்டுப் பாருங்கள்: 57,600 படங்கள்! வயிற்றின்மேல் ஒட்டிய உணர்விகள் அவற்றைப் பிடித்து, இடுப்பில் கட்டிய பெட்டியில் சேர்க்கின்றன. சிறு குழந்தை இந்த ஒட்டுகளைப் பிய்த்துவிடாமல் காப்பது பெற்றோரின் பொறுப்பு, அதுவே பெரும்பாடு.

அதைவிடப் பெரும்பாடு விழுங்கவைப்பது. மூன்று வயதுக் குழந்தை இத்தனை பெரிய மாத்திரையை எப்படி விழுங்கும்? எனவே மயக்கமருந்து கொடுத்து, எண்டாஸ்கோப் குழாயின் நுனியில் மாத்திரையைப் பொருத்தி, இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் வாயிலில் விட்டுவிடுகிறார்கள். 2009-இல் அமெரிக்காவில் 2 வயது முதலான குழந்தைகளுக்கு இம்முறை அனுமதி பெற்றது.

குடல் எங்கேனும் குறுகியிருந்தால் மாத்திரை சிக்கிக்கொள்ளும். அறுவை செய்தே எடுக்கவேண்டியும் வரலாம். இந்த ஐயம் உள்ளவர்களுக்கு முதலில் ஒரு போலி மாத்திரை தருவார்கள். அதே அளவு, ஆனால் காமிரா கிடையாது. பால் சர்க்கரையும் பேரியமும் கலந்து செய்தது. வழியில் சிக்கினால் தானே கரைந்துவிடும். முழுதாக வெளிவந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

படங்களில் புண்ணோ, சதை வளர்ச்சியோ, பின்னிக் கிடக்கும் இரத்தக்குழாய்களோ தென்படலாம். ஆனால் குழந்தைகளிடம் அடிக்கடி காணும் ஒரு குற்றவாளி இதற்கும் டிமிக்கி கொடுப்பதுண்டு. மெக்கல் பை என்று பெயர். நூற்றில் சுமார் இருவருக்குப் பிறவியிலேயே சிறுகுடலின் கடைப்பகுதியில் இருக்கும் சிறு பை அது. சிலருக்கு அதன் உட்சுவரில் இரைப்பைத் திசு அமைந்து அமிலம் சுரக்கும். அமிலம் பட்டுக் குடல் புண்ணாகி, வலியே இல்லாமல் இரத்தம் கொட்டும். மாத்திரை பையின் வாயைக் கவனிக்காமலே கடந்துவிடலாம். நின்று திரும்பிப் பார்க்க அதனால் இயலாது. ஆகவே மெக்கல் பை என்று சந்தேகித்தால், இரைப்பைத் திசுவில் போய்ச் சேரும் கதிரியக்க டெக்னீசியத்தைச் செலுத்திப் படம் எடுப்பதே முதல் சோதனை.

வேலை முடிந்த மாத்திரை மலத்தோடு வெளியேறிவிடும். படங்கள் ஏற்கெனவே பெட்டிக்கு வந்துவிட்டதால் அதைக் கழுவி எடுத்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியதில்லை. வெளிவந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வராவிட்டால் ஒரு எக்ஸ்ரே.