பச்சைக் காக்கை

உங்கள் வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறதா? அப்படியானால் கூடத்துச் சுவர் இந்நேரம் என்ன கதியில் இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளையடித்த ஈரம் காய்வதற்குள் பெரிதாக ஒரு சுழியைப் போட்டுவிட்டு, "அம்மா, ரயில் பார்!" என்று வந்து நிற்கும். நமக்கோ கோபம் பொத்துக்கொண்டு வரும்.

நானும் அப்படிக் கோபித்துக்கொண்டவள்தான். அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். ஒரு நாள் என் பெண் பச்சை வர்ணத்தில் ஒரு காக்கை போட்டுக்கொண்டு வந்தாள். "அசடே! காக்கை எங்கேயாவது பச்சையாக இருக்குமா?" என்று சிரித்துவிட்டு, பென்சிலை வாங்கி, அழகாக ஒரு கறுப்புக் காக்கையை நானே வரைந்து காட்டினேன். மறு நாள் அவள் காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "எனக்கு வராது. நீயே போட்டுக் கொடு" என்றாள். பல நாள் அதே பேச்சுத்தான். என் காக்கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய காக்கையை அது கொத்தித் துரத்திவிட்டது!

இந்தப் பிழையைத் திருத்திக்கொள்ள எனக்குக் கைகொடுத்தது ஒரு படப் புத்தகம். லியோ லியோன்னி என்ற ஓவியர் தம் பேரக் குழந்தைகள் இருவரை அழைத்துக்கொண்டு ரயிலில் போனாராம். வண்டியில் அவர்கள் செய்த அமளி தாங்கவில்லை. கையிலிருந்த பத்திரிகையில் வர்ணம் உள்ள பக்கங்களைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒரு கதை சொன்னார். குழந்தைகள் கப்சிப்! அந்தக் கதைதான் 1959-ல் அமெரிக்காவில் 'சின்ன நீலமும் சின்ன மஞ்சளும்' என்ற பொருள்படும் பெயரில் புத்தகமாக வந்தது.

நீலப் பொட்டும் மஞ்சள் பொட்டும் இணைபிரியாத சிநேகிதர்கள். ஒரு நாள் ஒன்றை ஒன்று ஆசையோடு கட்டிக்கொள்ளவே, இரண்டும் பச்சையாகிவிடுகின்றன. வீட்டுக்குப் போனால் பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை! அவை அழுது தீர்த்த பிறகே பழைய நிறம் திரும்புகிறது. கண், மூக்கு எதுவும் கிடையாது. வெறும் கிழிந்த காகிதம். ஆனாலும் குழந்தைகள் உருகிப் போய்க் கேட்கிறார்கள்.

கதையைச் சொன்ன கையோடு ஒரு காரியம் செய்து பாருங்கள். மஞ்சள், நீலம் இரண்டு நிறத்திலும் கண்ணாடிக் காகிதம் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். பச்சை பிறப்பதைக் குழந்தை தன் கண்ணாலேயே பார்க்கும். பிறகு பழைய வாரப் பத்திரிகைகளைக் கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம்; விரலே போதும். கொஞ்சம் மைதாப் பசை காய்ச்சி வைத்துவிட்டால் ஒரு மத்தியானப் பொழுது இனிமையாய்ப் போய்விடும்.

எரிக் கார்ல் என்பவர் 1969-ல் வெளியிட்ட பசிக்காரக் கம்பளிப்புழுவின் கதையும் இதற்கு ஏற்றது. புழு தின்ற பழங்களில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். குழந்தை விரலை நுழைத்து நுழைத்து எண்ணும். மெல்லிய காகிதங்களுக்குத் தாமே வர்ணம் பூசி, வெட்டி ஒட்டித்தான் அவர் அந்தப் படங்களைச் செய்தார். நம் வீட்டுக் குழந்தையும் செய்யக்கூடியதுதானே?

சமையலறையிலேயே சித்திரச் சாமான்கள் எத்தனை இருக்கின்றன! வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வர்ணத்தில் தோய்த்துப் பதித்தால் பூப்பூவாய் விழும். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுத்தால் பாம்பும் பிள்ளையாரும் உருவாகும். மஞ்சள் நீரில் நீங்களே துளி சுண்ணாம்பைக் கலந்து காட்டுங்கள். ஆரத்திச் சிவப்பைக் கண்டு குழந்தை வாயைப் பிளக்கும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இரண்டு, மூன்று வயதில் கிறுக்கலே சித்திரம். அதற்குப் பிறகு, வயிறு இல்லாமல் தலையிலிருந்தே கை கால் முளைத்த மனிதர்கள் வருவார்கள். எந்த ஊர்க் குழந்தையும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஆகையால், "வயிறு எங்கே?" என்று கேட்டு மடக்காதீர்கள். "இது என்ன?" என்றுகூடக் கேட்க வேண்டாம், "இதைப் பற்றி எனக்குச் சொல்லேன்" என்று பக்கத்தில் உட்காருங்கள்.

என் பெண் ஒரு மாதம் காகிதம் கிழித்துக் கிழித்து ஒட்டினாள். ஒரு நாள் சாயங்காலம் மறுபடியும் ஒரு பச்சைக் காக்கை வந்தது! இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. "சொல்லேன்" என்றேன்.

"காக்கா வேப்ப மரத்துக்குள்ளே ஒளிஞ்சிண்டிருக்கும்மா. இலையெல்லாம் அது மேலே பட்டிருக்கு. அதான் பச்சை!"

அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். நான்தான் கேட்கவில்லை.