உஷார்! கிரேட் ஃபால்ஸில் கால் நனைக்காதீர்கள்

கோடை வந்துவிட்டது. ஊரிலிருந்து அப்பா அம்மா, மாமனார் மாமியார் எல்லாம் வந்து இறங்கியிருப்பார்கள். ஆஷ்பர்ன், ஹெர்ன்டன் பக்கத்து நம்மவர்கள் அடுத்த சனிக்கிழமை அவர்களை எங்கே அழைத்துப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். புளியோதரை டப்பாவும் தயிர்சாதமுமாக வர்ஜீனியா கிரேட் ஃபால்ஸ் பார்க். தாராளமாகப் போங்கள். ஆனால், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, காலை மட்டும் நனைச்சிட்டு வந்துடறேன்" என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

போன வாரம் நானே பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாறையில் இறங்கிக்கொண்டிருந்தார். தாமிரபரணிக் கரைக்காரராம், தண்ணீர் புதிதா என்ன! கீழே ஆறு பச்சையாக, அசையாமல் நிற்பதுபோல இருந்தது. அந்த நேரம் ஒரு மரக்கிளை மிதந்து வந்தது. மெதுவாகச் சுற்றியது, செங்குத்தாக நிமிர்ந்தது, உள்ளே போய்விட்டது. முப்பது வரை எண்ணினேன், மேலே வரவில்லை. பெரியவர் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பொட்டோமேக் ஆறு இங்கே ஒரு மைலுக்கும் குறைந்த தூரத்தில் 76 அடி இறங்குகிறது. அருவிக்கு மேலே கிட்டத்தட்ட 1000 அடி அகலத்தில் பரந்து வருகிற ஆறு, கீழே மேதர் கோர்ஜ் என்ற பாறை இடுக்கில் 60 முதல் 100 அடிக்குள் நெருக்கப்படுகிறது. அத்தனை தண்ணீரும் எங்கே போகும்? ஆழத்துக்குத்தான். மேலே சாதுவாகத் தெரிகிற இடத்திலும் அடியில் இழுப்பும் சுழலும் இருக்கும். நீச்சல் தெரிந்தவருக்கும் இதில் சலுகை கிடையாது. இங்கே உயிர் இழந்தவர்களில் பலர் நீந்த வந்தவர்களே அல்ல. பாறையில் தாவியவர்கள், போட்டோ எடுக்க ஓரத்துக்குப் போனவர்கள், கால் நனைத்தவர்கள். தண்ணீரில் காலை வைப்பதே சட்டப்படி குற்றம், ரேஞ்சர் பார்த்தால் அபராதம்.

பார்க்குக்குள்ளேயே கல் சுவரோடு ஒரு வறண்ட பள்ளம் நீளமாக ஓடுகிறதே, மரம் முளைத்து, சருகு மூடி? அது ஜார்ஜ் வாஷிங்டனின் கால்வாய். அவர் தலைவராக இருந்து 1785-ல் தொடங்கிய கம்பெனி வெட்டியது. படகுகளை அருவியைச் சுற்றி இறக்க ஐந்து லாக்குகள், அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கல் தொட்டிகள். பாறையை வெடிமருந்து வைத்துப் பிளந்து 1802-ல்தான் முடித்தார்கள். வாஷிங்டன் 1799-லேயே காலமாகிவிட்டார். 1828-ல் கம்பெனி கைமாற, கால்வாய் கைவிடப்பட்டது. பதினேழு வருஷம் பாறையோடு மல்லுக்கட்டியது எதற்கு? அந்த அருவித் தண்ணீரில் படகை விட முடியாது என்பதற்காகத்தான். படகே போகாத இடத்தில் நமக்கென்ன வேலை?

ஆனாலும் கயாக் என்ற சிறு படகில் சிலர் அருவியிலேயே குதித்து இறங்குவதைப் பார்க்கலாம். பையன்கள் "அவங்க மட்டும் போறாங்களே" என்பார்கள். அவர்கள் வருஷக்கணக்கில் பழகியவர்கள், தலையில் ஹெல்மெட், உடம்பில் லைஃப் ஜாக்கெட். அவர்களிலும் உயிரை விட்டவர்கள் உண்டு.

வெள்ள மட்டத்தைக் குறித்த கம்பம் ஒன்று அங்கே நிற்கிறது, குழந்தைகளுக்குக் காட்டுங்கள். 1936-ம் வருஷக் குறி அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கும். இங்கே வெயில் அடிக்கும்போதே, மேற்கே மலையில் முன்பு பெய்த மழை ஆற்றை ஏற்றிவிடும். பாறைச் சந்தில் காப்பர்ஹெட் என்ற விஷப் பாம்பும் உண்டு, கையை விடாதீர்கள். பழைய லாக் சுவர்களில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது வியூபாயின்ட் போதும். வீல்சேரே போகும், அருவி முழுசாகத் தெரியும்.

யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள், ஒன்று இரண்டாகிவிடும். 911-ஐ அழையுங்கள். அழைக்கும்போது "வர்ஜீனியா பக்கம்" என்று மறக்காமல் சொல்லுங்கள். எதிர்க்கரையில் மேரிலாந்திலும் கிரேட் ஃபால்ஸ் என்றே ஓர் இடம் இருக்கிறது.