கடுகெண்ணெயில் ஒளிந்திருக்கும் நஞ்சு

சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் முள் நிறைந்த இலைகளும் மஞ்சள் பூக்களும் கொண்ட ஒரு செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தண்டை ஒடித்தால் மஞ்சள் நிறப் பால் வடியும். பிரமதண்டு என்பது அதன் பெயர். அதன் விதைகள் பார்வைக்குக் கடுகைப் போலவே இருக்கும். உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் கடுகு வழவழப்பாகவும், பிரமதண்டு விதை சொரசொரப்பாகவும் தெரியும். நசுக்கினால் கடுகின் உட்புறம் மஞ்சள். மற்றதன் உட்புறம் வெள்ளை. ஆனால் இரண்டையும் சேர்த்துச் செக்கிலிட்டு எண்ணெயாக்கிவிட்டால் எதைக் கொண்டு கண்டுபிடிப்பது?

இது வெறும் புதிர் அன்று. 1998 ஆகஸ்டில் டில்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 3,000 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அந்த எண்ணெயிலுள்ள சாங்குவினாரின் என்னும் ஆல்கலாய்டு, நுண்ணிய இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்து நீரைக் கசிய விடுகிறது. கால்கள் வீங்குகின்றன, மூச்சுத் திணறுகிறது, சிலருக்கு இதயம் செயலிழக்கிறது.

இந்த நீர்க்கோவை நோய் 1877-லேயே கல்கத்தாவில் பதிவாயிற்று. ஒரே வீட்டில் பலரைத் தாக்கியதால் தொற்றுநோய் என்று சிலர் கருதினர். பெரிபெரி என்று வேறு சிலர் எண்ணினர். ஆனால் தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தைகளை இந்நோய் தாக்குவதில்லை. இது ஒரு நல்ல துப்பு அல்லவா? நோயாளியுடன் இருப்பதனால் அல்ல, உண்ணும் பொருளால் வருகிறது என்பதை அது காட்டுகிறது. 1926-இல் பிரமதண்டு எண்ணெயின் மீது ஐயம் எழுந்தது. பின்னர் 1930-களிலும் 1940-களிலும் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் செல்வோம். முதல் சோதனை எளியது. எண்ணெயுடன் அடர் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்துக் குலுக்குவார்கள். அமில அடுக்கு ஆரஞ்சு மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறினால் ஐயத்துக்கு இடமுண்டு. ஆனால் பிரமதண்டு எண்ணெய் ஏறத்தாழ 0.25 சதவீதமாவது இருந்தால்தான் இச்சோதனையில் தெரியும். மேலும், வேறு சில பொருள்களும் இத்தகைய நிறத்தைத் தரக்கூடும். ஆகவே நிறம் மாறியது என்பதற்காக ஒரு வணிகரைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. நிறம் மாறவில்லை என்பதற்காக எண்ணெய் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது.

அடுத்து வருவது தாள் குரோமட்டோகிராஃபி. எண்ணெயிலிருந்து ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்து, வடிதாளின் அடிப்பகுதியில் ஒரு புள்ளியாக வைப்பார்கள். தாளின் விளிம்பைக் கரைப்பானில் தோய்த்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலக் கரைப்பான் நுண்புழை ஏற்றத்தால் மேலேறும். தாளை இறுகப் பற்றும் பொருள் பின்தங்கும். கரைப்பானில் எளிதில் கரையும் பொருள் முன்னேறும். இவ்வாறு கலவை பிரிகிறது.

பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தாளின் மீது புற ஊதாக் கதிரைச் செலுத்துவார்கள். அக்கதிரின் அலைநீளம் 400 நானோமீட்டருக்கும் குறைவு. அது நம் கண்ணுக்குத் தெரியாது. சாங்குவினாரின் மூலக்கூறு அந்த ஆற்றலை உறிஞ்சி, ஒரு பகுதியை வெப்பமாக இழந்து, எஞ்சியதை ஒளியாக வெளியிடுகிறது. ஆற்றல் குறைந்தால் அலைநீளம் கூடும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். அதனால்தான் இருளில் அப்புள்ளி ஆரஞ்சு மஞ்சளாக ஒளிர்கிறது. இதற்கு உடனொளிர்தல் என்று பெயர். இம்முறையால் 0.0001 சதவீதத்தை, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூடக் காணலாம்.

அப்போதும் ஆய்வாளர் அவசரப்படுவதில்லை. ஐயத்துக்குரிய எண்ணெயின் அருகிலேயே தூய கடுகெண்ணெயையும், பிரமதண்டு எண்ணெயையும் வைத்துச் சோதிப்பார். ஐயத்துக்குரிய புள்ளி, பிரமதண்டுப் புள்ளியின் உயரத்துக்கே ஏறி அதே நிறத்தில் ஒளிர வேண்டும். தூய எண்ணெயில் அத்தகைய புள்ளி இருக்கக் கூடாது. இன்று சிலிக்கா ஜெல் பூசிய தகடுகளும் நுட்பமான கருவிகளும் வந்துவிட்டன. ஆயினும் அடிப்படை அதேதான்: பிரித்தல், காணல், ஒப்பிடல்.

பிரித்தலை நீங்களே செய்து பார்க்கலாம். மை உறிஞ்சும் தாளில் கறுப்பு மைப்புள்ளி ஒன்றை வைத்து, புள்ளி நனையாதபடி தாளின் நுனியை மட்டும் நீரில் தோய்த்துப் பாருங்கள். ஒரே கறுப்புக்குள் எத்தனை நிறங்கள்!