வீடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்: கர்ப்பகாலத்தின் முதலாவது கிளினிக் பதிவு

மீள்குடியேறும் குடும்பத்துக்கு முதல் மாதங்களில் வேலை குவிந்து கிடக்கும். காணியைத் துப்புரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், கொட்டில் போட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பதிய வேண்டும். இந்த நேரத்தில் மாதவிடாய் தள்ளிப்போனால், “எல்லாம் ஒழுங்கான பிறகு கிளினிக்குக்குப் போவம்” என்றுதான் பலரும் நினைப்பார்கள். மற்ற வேலைகள் ஒரு மாதம் பிந்தினால் சமாளிக்கலாம். கர்ப்பத்தின் முதல் வாரங்கள் அப்படிப்பட்டவை அல்ல.

எப்போது பதிய வேண்டும்?

கர்ப்பம் 8 வாரங்களை அடைவதற்கு முன்னர் பதிந்துகொள்ளுங்கள். இந்த வாரங்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. உதாரணமாக, உங்கள் கடைசி மாதவிடாய் யூன் 3ஆம் திகதி தொடங்கியிருந்தால், யூலை 29ஆம் திகதியுடன் 8 வாரங்கள் முடிந்துவிடும். யூலை முதல் வாரத்தில் மாதவிடாய் வரவில்லை என்று தெரிந்த பிறகு உங்களுக்கு இருப்பது நான்கு வாரம் மட்டுமே. ஆகவே அந்தத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். குழந்தை பிறக்கும் நாளைக் கணிப்பதற்கும் அதுவே அடிப்படை.

இவ்வளவு அவசரம் எதற்கு? குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய், கருத்தரித்து ஏறக்குறைய 28 நாட்களில் மூடிவிடுகிறது. அது சரியாக மூடுவதற்குப் போலிக் அமிலம் உதவுகிறது. மூன்றாம், நான்காம் மாதத்தில் குளிசையைத் தொடங்கினால் அந்தக் கட்டம் கடந்துவிட்டிருக்கும். குழந்தை பெற விரும்பும் தம்பதியர் கர்ப்பம் தரிக்கும் முன்னரே குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தித்துப் போலிக் அமிலக் குளிசையைப் பெறுவது இன்னும் நல்லது.

“மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது” என்ற வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஊருக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்வது ஊருக்குச் சொல்வது ஆகாது. அவர் அறிந்ததை மற்றவர்களிடம் பேசமாட்டார்.

யாரிடம் போவது?

இலங்கையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். ஊரில் அவரை மிட்வைவ் அல்லது மருத்துவமாது என்பார்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வந்தும் பார்ப்பார். அவருடைய சேவைக்கும் அரச கிளினிக்குக்கும் பணம் கட்டத் தேவையில்லை.

ஆனால் நீங்கள் வந்து குடியேறியது அவருக்குத் தெரிந்திருக்காது. வலிகாமம் வடக்கு மக்கள் 1990 யூனில் இடம்பெயர்ந்தார்கள். மயிலிட்டியில் ஒரு பகுதி 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு வருடம் ஆளில்லாமல் இருந்த இடத்தில் பழைய கிளினிக் பழைய இடத்தில் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். அவர் வருவார் என்று காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் கிராம அலுவலரிடமோ அருகில் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். “இந்த ஊருக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தர் யார், கிளினிக் எந்த நாளில், எங்கே நடக்கிறது?” என்ற இந்த ஒரு கேள்வி போதும். கணவரோ மாமியாரோ போய்க் கேட்டு வரலாம்.

பத்திரங்கள் இல்லாவிட்டால்?

அடையாள அட்டை தொலைந்துவிட்டது, குடும்ப அட்டை இன்னும் மாற்றப்படவில்லை, விவாகப் பதிவு இல்லை, கணவர் உடன் இல்லை என்ற எந்தக் காரணத்துக்காகவும் முதற் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். இருக்கும் பத்திரங்களைக் கொண்டு போங்கள். இல்லாதவற்றைப் பற்றி உத்தியோகத்தரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவற்றைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு இடத்தில் இருப்பவர்கள்

காணி ஓரிடத்தில், இரவு தங்குவது உறவினர் வீட்டில் என்று பல குடும்பங்கள் இருக்கின்றன. இப்போது எங்கே தங்குகிறீர்களோ அந்த இடத்துக்குரிய உத்தியோகத்தரிடம் பதியுங்கள். பதிந்ததும் கர்ப்பகாலப் பதிவு அட்டை தரப்படும். அதன் ஒரு பகுதி உங்களிடமும் மற்றது உத்தியோகத்தரிடமும் இருக்கும். வீடு மாறும்போது, போகும் இடத்தை அவரிடம் சொல்லிவிட்டு, அட்டையுடன் புதிய இடத்து உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அட்டையைப் பொலித்தீன் பையில் இட்டு, மழை நனைக்காத இடத்தில் வையுங்கள். எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலாவது கிளினிக்கில் என்ன நடக்கும்?

உயரம், நிறை, குருதி அமுக்கம் பார்ப்பார்கள். முன்னைய பிரசவங்கள், கருச்சிதைவு, சத்திரசிகிச்சை, சலரோகம், ஆஸ்துமா, இருதய நோய் பற்றிக் கேட்பார்கள். எதையும் மறைக்காதீர்கள். சிறுநீரும் குருதியும் பரிசோதிக்கப்படும். குருதி வகை, இரத்தசோகை, சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி ஆகியன பார்க்கப்படும்.

கடைசி இரண்டையும் கேட்டுச் சிலர் மனம் சங்கடப்படுவார்கள். அது உங்கள் மீதுள்ள சந்தேகத்தால் செய்யப்படுவதல்ல. எல்லாத் தாய்மாருக்கும் செய்யப்படுகிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு இவ்விரு நோய்களும் தொற்றுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கையை அங்கீகரித்ததற்கு இந்தப் பரிசோதனை முக்கிய காரணம். நோய் ஆரம்பத்தில் தெரிந்தால் சிகிச்சை மூலம் குழந்தையைக் காப்பாற்றலாம்.

பற்களையும் காட்டிக்கொள்ளுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி, இரும்புச்சத்துக் குளிசை, திரிபோஷா ஆகியன எப்போது கிடைக்கும் என்று கேட்டு அறியுங்கள். வழமையாக 28 வாரம் வரை மாதம் ஒருமுறையும், பின்னர் 36 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், அதன்பின் வாரந்தோறும் கிளினிக் இருக்கும். அடுத்த திகதியை அட்டையில் எழுதுவித்து வாருங்கள்.

இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள்

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்திருந்தால், அங்கு கிடைத்த தாய் சேய் அட்டை, ஸ்கான் அறிக்கைகள், தடுப்பூசி விபரம் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். அங்கு பதிந்திருந்தாலும் இங்கு மீண்டும் பதிய வேண்டும். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. ஆகவே இங்கு காய்ச்சல் வந்தால் மலேரியா பற்றிய நினைப்பு உடனே வராமல் போகலாம். வந்து சில மாதங்கள் சென்றிருந்தாலும், “நான் இந்தியாவிலிருந்து வந்தேன்” என்று வைத்தியரிடம் நீங்களே சொல்லிக் குருதிப் பரிசோதனை கேளுங்கள். கர்ப்பிணிக்கு மலேரியா மிகவும் ஆபத்தானது.

கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாதவை

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்:

• குருதி படுதல்
• அடிவயிற்றில் கடும் வலி, தோள்மூட்டு வலி, மயக்கம்
• தண்ணீர்கூடத் தங்காத அளவுக்கு வாந்தி
• காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிவு
• கடும் தலையிடி, பார்வை மங்கல், மூச்சு எடுக்கக் கஷ்டம்

குடாநாட்டில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளும் உள்ளன. அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அதுவும் இலவசம். புதிய ஒழுங்கைகளின் பெயர் பலருக்குத் தெரியாது. ஆகவே அருகில் உள்ள கோயில், பள்ளிக்கூடம் அல்லது சந்தியின் பெயரை வீட்டில் எல்லோரும் சொல்லப் பழகியிருங்கள். நெடுந்தீவில் குடியேறுவோர் குறிகாட்டுவானுக்குக் கடலால் வரவேண்டும். காற்றுக் கடுமையான நாட்களில் என்ன செய்வது, பிரசவத்துக்கு எப்போது கரைக்கு வருவது என்பதை முதற் சந்திப்பிலேயே உத்தியோகத்தருடன் பேசுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கடைசி மாதவிடாய்த் திகதியை எழுதுங்கள். உங்கள் பகுதி உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வைத்தியர் சொல்லாத எந்த மருந்தையும் எடுக்காதீர்கள். பாரமான சாமான் தூக்குவதையும் கிணறு இறைப்பதையும் மற்றவர்களிடம் விடுங்கள். உங்கள் வீட்டில் அல்லது பக்கத்துக் காணியில் இன்னொரு பெண் இதே நிலையில் இருந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.