சட்டமன்றம் கூடும்போது பாடாங் செராய்க்கு என்ன சேதி வருகிறது?

பாடாங் செராய் - கோயில் நிலம் பற்றிக் கடிதம் வந்திருக்கிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை. தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. இப்படி எது நடந்தாலும் நம்மவர்கள் உடனே சொல்வது, "ஒய்.பி.யைப் போய்ப் பார்ப்போம்" என்பதுதான். எந்த ஒய்.பி.யை என்று கேட்டால் பலரிடம் தெளிவான பதில் இல்லை.

இந்தக் குழப்பத்திற்கு இவ்வட்டாரத்தில் ஒரு காரணமும் உண்டு. பாடாங் செராய் நாடாளுமன்றத் தொகுதிக்குள் லூனாஸ், மெர்பாவ் பூலாஸ் என இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. 15ஆவது பொதுத்தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில், 2022 நவம்பர் 16 அன்று, அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினரும் வேட்பாளருமான மு. கருப்பையா காலமானார். இங்கு வாக்களிப்பு டிசம்பர் 7ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. அதில் வென்ற அஸ்மான் நஸ்ருடின் ஏற்கனவே லூனாஸ் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். 2023 ஜூன் இறுதியில் கெடா சட்டமன்றம் கலைக்கப்படும் வரை லூனாஸ் வாக்காளர்களுக்கு இரண்டு ஒய்.பி.யும் ஒருவரே. இப்போது அப்படி இல்லை. ஆகவே எந்த வேலை யாருடையது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

எது கோலாலம்பூர், எது அலோர்ஸ்டார்?

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை இந்தப் பிரிவினையைச் செய்கிறது. கல்வி, சுகாதாரம், காவல்துறை, தொழிலாளர் சம்பளம் ஆகியவை கூட்டரசின் கையில் உள்ளன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நியமனமும் தோட்டத் தொழிலாளர் குறைந்தபட்ச ஊதியமும் நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டியவை.

நிலம், ஊராட்சி, காடு, ஆறு ஆகியவை மாநிலத்தின் அதிகாரத்தில் வருகின்றன. கெடாவில் குடிநீர் விநியோகிக்கும் சாடா நிறுவனமும் மாநில அரசுக்குச் சொந்தமானது. நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. அதன் பிறகு, கூலிம் நகராண்மைக் கழகம் உட்பட எல்லா ஊராட்சி மன்ற உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. கால்வாய், தெருவிளக்கு, குப்பை பற்றிக் கேட்க வாக்குச்சீட்டின் வழி நமக்குள்ள ஒரே பிடி சட்டமன்ற உறுப்பினர்தான்.

தோட்டப்புறத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரியது நிலம். ஹென்ரியேட்டா, விக்டோரியா, பாடாங் மேஹா என்று இங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களே தோட்டங்களின் பெயர்கள்தாம். தோட்டக் கோயில்கள் பல, நிர்வாகத்தின் பட்டாவுக்குள் வாய்மொழி அனுமதியில் எழுந்தவை. நிலம் கைமாறினால் கோயில் இன்னொருவர் நிலத்தில் நிற்கிறது.

தேசிய நிலச் சட்டத்தின் மூன்று பிரிவுகளை ஆலய நிர்வாகங்கள் அறிந்திருப்பது நல்லது. அரசு நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கி அரசிதழில் அறிவிக்க 62ஆவது பிரிவு வழி செய்கிறது. இடுகாட்டு நிலம் இப்படி அறிவிக்கப்பட்டிருந்தால் அதற்கு வலுவான பாதுகாப்பு உண்டு. 65ஆவது பிரிவின் கீழ் கிடைப்பது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அது அந்த ஆண்டு இறுதியோடு காலாவதியாகும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்க, 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. இவை அனைத்திலும் முடிவெடுக்கும் இடம் மாநிலம். விவசாய நிலத்தை வீடமைப்புக்கோ தொழிற்சாலைக்கோ மாற்றும் விண்ணப்பமும் அங்குதான் போகிறது.

சில நாள் கூட்டம்

இந்த விவகாரங்களுக்கெல்லாம் பொதுவில் பதில் பெறக்கூடிய இடம் அலோர்ஸ்டார் விஸ்மா டாருல் அமானில் கூடும் சட்டமன்றம். மொத்தம் 36 உறுப்பினர்கள். ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதத்திற்கு மேல் போகக் கூடாது என்பது அரசியலமைப்பு விதி. ஆனால் நாடாளுமன்றத்தைப் போல் வாரக்கணக்கில் அது நடப்பதில்லை. சில நாள்களில் முடிந்துவிடும்.

அந்தச் சில நாள்களில் ஓர் உறுப்பினர் செய்யக்கூடியவை மூன்று. வாய்மொழிக் கேள்வி கேட்கலாம், எழுத்துபூர்வப் பதில் கோரலாம், விவாதத்தில் தொகுதிப் பிரச்சினையைப் பேசலாம். கேள்விகளுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கூட்டம் தொடங்கிய பிறகு மகஜரைத் தூக்கிக்கொண்டு ஓடினால், பெரும்பாலும் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மண்டபத்தில் கிடைக்கும் பதிலுக்குத் தனி மதிப்பு உண்டு. கோயில் திருவிழா மேடையில் கிடைக்கும் வாக்குறுதி மைக்கோடு போய்விடும். ஆட்சிக்குழு உறுப்பினர் சட்டமன்றத்தில் சொல்லும் பதில் ஹன்சார்டில் ஏறுகிறது. "இந்த இடுகாட்டு நிலம் அரசிதழில் அறிவிக்கப்பட்டுள்ளதா? ஆம் எனில் எந்த ஆண்டு?" என்ற கேள்விக்கு வரும் இரண்டு வரிப் பதில், பத்து ஆண்டுகள் கழித்தும் நில அலுவலகத்தில் காட்டக்கூடிய ஆவணம்.

கேள்வி போனது, பதில் வந்ததா?

சிக்கல் அதற்குப் பிறகுதான். கேள்வி, பதில், ஹன்சார்ட் எல்லாம் மலாய் மொழியில், சட்ட நடையில் இருக்கும். வேலைக்குப் போகும் பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள். தோட்டத்தில் ஆயுளைக் கழித்த பெரியவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது? 2018 தேர்தலில் புக்கிட் செலாம்பாவ் தொகுதியில் இந்தியர் ஒருவர் வென்றிருந்தார். 2023 ஆகஸ்ட் 12 தேர்தலில் பெரிக்காத்தான் நேஷனல் 33 இடங்களைப் பிடித்தது. பக்காத்தான் ஹராப்பானுக்கு மூன்று இடங்கள். அந்த 36 பேரில் இந்தியர் எவரும் இல்லை. சபையில் நடந்ததைத் தமிழில் கொண்டுவந்து சேர்க்க அங்கே தமிழ் அறிந்த ஒருவர் இருப்பார் என்று இனி நம்பியிருக்க முடியாது.

செய்தி தாமதமாக வருவதன் விலையை நாம் அறியாதவர்கள் அல்லர். 2021இல் தைப்பூசத்திற்குக் கெடாவில் சிறப்பு விடுமுறை இல்லை என்ற அறிவிப்பு, திருநாளுக்கு ஏறக்குறைய ஒரு வாரமே இருக்கையில் வந்தது. அதுவும் மாநில அளவில் எடுக்கப்பட்ட முடிவே.

மற்ற இடங்களில் வழிகள் பல உள்ளன. சிலாங்கூர் சட்டமன்றம் ஹன்சார்டையும் கேள்வி பதில்களையும் தன் அகப்பக்கத்தில் வெளியிடுகிறது. பினாங்கும் சிலாங்கூரும் தகவல் சுதந்திரச் சட்டங்களை இயற்றியுள்ளன. தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையாக ஒளிபரப்பாகிறது. சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் தமிழிலேயே பேசலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு.

ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டத்திற்கு இரண்டு மாதம் முன்பே "உங்கள் கேள்விகளை அனுப்புங்கள்" என்று ஆலயங்களுக்கும் குடியிருப்பாளர் சங்கங்களுக்கும் அறிவிக்கலாம். கூட்டம் முடிந்ததும் ஒரே ஒரு பக்கம் போதும்: நான் கேட்டவை இவை, கிடைத்த பதில் இது, வரவு செலவுத் திட்டத்தில் தொகுதிக்கு வந்தது இவ்வளவு, இந்த மசோதாவுக்கு நான் இப்படி வாக்களித்தேன். அதை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் புலனத்தில் அனுப்ப ஒரு நாள் வேலைகூட ஆகாது. முகநூலில் படம் போடுவதைவிட இது மக்களுக்குப் பயன்படும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. பிரச்சினையை நிலத்தின் லாட் எண், கடிதத் தேதி, அலுவலகத்தின் பெயர் ஆகியவற்றோடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரு கேள்வி போதும். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். கூட்டம் முடிந்த மறு வாரம் சேவை மையத்திற்குச் சென்று, பதிலின் நகலைக் கேட்டு வாங்கி ஆலயக் கோப்பில் வைக்க வேண்டும். நாம் ஓட்டுப் போட்டோமா இல்லையா, அவர் எந்தக் கட்சி, எந்த இனம் என்பதெல்லாம் இதற்குத் தடையல்ல. தொகுதியில் குடியிருக்கும் எவரும் கேட்கலாம்.

ஓர் இடத்தின் எடை என்ன என்பது லூனாஸ் மக்களுக்குத் தெரியும். 2000 நவம்பர் இடைத்தேர்தலில் இந்த ஒரு தொகுதியின் முடிவால் தேசிய முன்னணி கெடா சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. அந்த எடை தேர்தல் நாளோடு தீர்ந்துவிடுவதில்லை. அடுத்த கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்படுவதற்கு முன்பே நம் கேள்வி எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.